மருந்துக்குத் தடை இல்லை என்றார்கள்

கோவை கணபதியில் ஒரு பம்ப் கம்பெனியில் பதினெட்டு வருடம் ஏற்றுமதிக் காகிதங்கள் பார்த்தேன். போர்வெல் மோட்டார் மரப்பெட்டிக்குள் போனதிலிருந்து கப்பலேறும்வரை அதற்கு வேண்டிய இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பேங்க் கடிதம் எல்லாம் என் மேசையிலிருந்துதான் போகும். தினமும் அன்னூரிலிருந்து பஸ்ஸில் வருவேன். உலக அரசியல் எனக்குத் தெரிந்ததெல்லாம், எந்த நாட்டுக்கு எந்தக் காகிதம் என்ற அளவில்தான். ஈரானுக்கென்று ஒரு தனி ஃபைல் இருந்தது. மற்ற எல்லா ஃபைலையும்விடத் தடிமனானது அது.

அந்த ஃபைலுக்குரியவர் தெற்கு ஈரானில் ஒரு சின்ன ஊரில் பம்ப் கடை வைத்திருந்தார். மாதுளைத் தோட்டக்காரர்களுக்கு எங்கள் மோட்டாரை விற்பவர். முதல் முறை கோவைக்கு வந்தபோது, மோட்டார் ஓடும் தோட்டம் ஒன்றைப் பார்க்கவேண்டும் என்று கேட்டார். எங்கள் தோட்டத்துக்கே கூட்டிப்போனோம். போர்வெல் எத்தனை அடி என்று கேட்டார். ஆயிரத்து நூறு என்று என் அண்ணன் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"எங்க ஊர்லயும் இப்படித்தான். தண்ணி கீழ போகப் போகத்தான் எனக்கு வியாபாரம். சிரிக்கிறதா அழறதான்னு தெரியலை" என்றார்.

அவருடைய இங்கிலீஷும் என்னுடைய இங்கிலீஷும் ஒரே அளவுக்கு உடைந்தவை. அதனால் பேச்சு தடங்கலில்லாமல் ஓடியது. கம்பெனி ஷெட்டில் எல்லோரும் என்னை அக்கா என்று கூப்பிடுவதைக் கேட்டு, அதுதான் என் பெயர் என்று நினைத்து, அவரும் அக்கா என்றே கூப்பிட ஆரம்பித்தார். என்னைவிட எட்டு வயது மூத்தவர். நானும் திருத்தவில்லை.

இரண்டாவது முறை மனைவியையும் அழைத்து வந்தார். அந்த அம்மாவுக்குப் பல வருடமாக வலிப்பு. இங்கே ஒரு நரம்பு டாக்டரிடம் காட்டினோம். டெஸ்ட்டுகளுக்காக மூன்று வாரம் லாட்ஜில் தங்கியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். அரிசிம்பருப்பு சாதத்தில் நான் நெய் ஊற்றுவதைப் பார்த்துவிட்டு, இன்னும் ஊற்று என்று கையாலேயே காட்டுவார் அந்த அம்மா. எங்களுக்குள் ஒரு சொல்கூடப் பொதுவாகக் கிடையாது. ஆனாலும் மிளகாயைக் கிள்ளக்கூட என்னை விடமாட்டார், பிடுங்கிக்கொள்வார்.

டாக்டர் மாற்றிக்கொடுத்த மாத்திரை அவருக்குக் கேட்டது. ஊருக்குப் போன பிறகு ஒரு வருடம் முழுக்க ஒரு தடவைகூட வலிப்பு வரவில்லை. அந்த மாத்திரை அவர்கள் ஊரில் கிடைக்காது. அதனால் ஒவ்வொரு கன்டெய்னரிலும் ஒரு சின்னப் பெட்டி மாத்திரை, டாக்டர் சீட்டு நகலோடு போகும். ஒளிவு மறைவு ஒன்றுமில்லை. இன்வாய்ஸில் தனி வரியாகவே காட்டியிருப்பேன்.

அப்புறம் அமெரிக்கா மறுபடியும் தடை போட்டது.

எங்கள் கணக்கு இருந்த பேங்க் முதலில் பம்ப் காகிதங்களைத் திருப்பி அனுப்பியது. அதைக்கூட நான் புரிந்துகொண்டேன். மருந்துக் காகிதத்தையும் சேர்த்துத் திருப்பியபோதுதான் நேரில் போனேன். தடை உத்தரவைப் பிரின்ட் எடுத்து, உணவுக்கும் மருந்துக்கும் விலக்கு உண்டு என்று எழுதியிருந்த வரியில் கோடு போட்டு எடுத்துப்போனேன். அங்கிருந்த அதிகாரி நிதானமாகப் படித்தார். டீ வரவழைத்தார்.

"நீங்க சொல்றது சரிதானுங்க மேடம். மருந்துக்குத் தடை இல்லை."

"அப்புறம் என்னங்க?"

"தடை இல்லைங்க. ஆனா அந்த நாட்டுப் பேர் இருக்கற பேப்பரை எங்க ஹெட் ஆபீஸ் தொடாதுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

எங்கள் ஊர் மரியாதையைப் பற்றி எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். அன்றைக்கு அந்த மரியாதை எனக்கு வெறுத்துப்போனது. அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். ங்க போட்டுப் போட்டு என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டார்.

கூரியர் கம்பெனிகளில் கேட்டேன். ஒன்றே ஒன்று மட்டும், அனுப்புகிற நிறுவனம் பொறுப்பேற்றுக் கடிதம் கொடுத்தால் எடுக்கிறோம் என்றது. கடிதத்தை நானே டைப் செய்து முதலாளியிடம் கொண்டுபோனேன். கெட்டவர் என்று அதுவரை யாரும் சொல்லாத மனிதர் அவர். என் அப்பா ஆபரேஷனுக்குக் கிடந்தபோது காரை அனுப்பியவர்.

படித்துவிட்டுக் கடிதத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"அம்மணி, அந்த ஃபைலை மூடிப்போடுங்க."

"பம்ப் இல்லைங்க சார், மாத்திரை மட்டுந்தான். கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்தீங்கன்னா போதுங்க."

"தடை இருக்கற நாட்டோட எந்தத் தொடர்பும் இல்லைன்னு நம்மகிட்ட பம்ப் வாங்கற அமெரிக்காக்காரனுக்குப் போன வாரந்தான் எழுதிக் குடுத்திருக்கறேன். நூத்திநாப்பது குடும்பம் இதை நம்பிச் சோறு திங்குது. ஒரு பொட்டி மாத்திரைக்காக அந்த ஆர்டரை வுட்டுப்போடச் சொல்றீங்களா?"

நூற்று நாற்பது குடும்பங்களில் என்னுடையதும் ஒன்று. மேசைக்குத் திரும்பி வந்து, இனிமேல் எதுவும் அனுப்ப இயலாது என்று வருந்தித் தெரிவித்துக்கொள்ளும் மெயிலை நான்தான் டைப் செய்தேன். வருந்தி என்ற சொல் பழைய மெயில்களில் தயாராக இருந்தது. காப்பி எடுத்து ஒட்டினேன்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. இத்தனை வருடம் யாரிடமும் சொல்லாதது. அடுத்த நான்கு மாதத்துக்குள் துபாயில் ஒரு புது வியாபாரி எங்களிடம் மோட்டார் வாங்க ஆரம்பித்தார். துபாயில் விவசாயம் எங்கே இருக்கிறது? மாதுளைத் தோட்டம் எங்கே இருக்கிறது? அதே குதிரைத்திறன், அதே அடி ஆழம், மூடிப்போட்ட ஃபைலில் இருந்த அதே மாடல். இன்வாய்ஸில் சேருமிடம் துபாய் என்று அடித்தவள் நான். முதலாளிக்குத் தெரியும். எனக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை.

அந்த மோட்டார்கள் எங்கே போய்ச் சேர்ந்தன என்று போனில் அந்த ஈரான் கடைக்காரரே சொன்னார்.

"உங்க மோட்டார் எங்க ஊர்ல கெடைக்குது அக்கா. மூணு மடங்கு வெலை. ஆட்சியில இருக்கறவங்களோட மச்சான், மாமனெல்லாம் இப்ப பம்ப் வியாபாரி. துறைமுகம் அவங்க கையில. நான் கடையைச் சாத்திட்டேன்."

தடை போட்டவன் யாரை ஒடுக்க நினைத்தானோ அவன் வீட்டில் எங்கள் பம்ப்பை விற்றுப் பணம் கொட்டியது. மாத்திரைக்கு மட்டும் வழி இல்லை. கடைக்காரருடைய அக்கா மகன் ஒருவர் துபாயில் இருந்தார். அவர் விலாசத்துக்கு இரண்டு முறை மாத்திரை அனுப்பினேன். முதல் பெட்டி மூன்று மாதம் கழித்துப் போய்ச் சேர்ந்தது. இரண்டாவது எங்கே நின்றது என்று இன்றுவரை தெரியாது. அங்கே கிடைத்த வேறு மாத்திரையைப் போட்டார்கள். வலிப்பு திரும்பி வந்தது. ஒரு மத்தியானம் அந்த அம்மா மாடிப்படியில் துணி எடுத்துக்கொண்டு இறங்கும்போது வலிப்பு வந்து விழுந்தார். தலையில் அடி. மூன்றாம் நாள் போய்விட்டார்.

அவர்களுடைய மகள்தான் எனக்குச் செய்தி அனுப்பினாள். அப்போது பார்மசி படித்துக்கொண்டிருந்தாள். எந்த மாத்திரை அம்மாவைக் காப்பாற்றியிருக்கும், எத்தனை மில்லிகிராம், எல்லாம் தெரிந்த பெண்.

நானே கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாமே என்று அன்றைக்குத்தான் தோன்றியது. என்னிடம் பாஸ்போர்ட்டே இல்லை. நாற்பது நாட்டுக்குப் பெட்டி அனுப்பியவள் ஒரு பாஸ்போர்ட் எடுத்து வைக்கவில்லை. இந்தக் கோபத்தை யார் மேல் இறக்குவது?

அதன்பிறகு முக்காட்டுக் கட்டாயத்தை எதிர்த்து அந்த நாட்டுப் பெண்கள் தெருவுக்கு வந்த காலம் வந்தது. டிவியில் பார்த்தபோது அந்த மகள் வீட்டில் இருப்பாள் என்று நினைத்தேன். இரண்டு வாரம் கழித்து வீடியோவில் கூப்பிட்டாள். இடது கண்ணில் கட்டு. போலீஸ் சுட்ட ரவை. பார்வை போய்விட்டது என்று எந்த உணர்ச்சியும் இல்லாமல் சொன்னாள். பிறகு கேட்டாள்:

"ஆயுதத்துக்கும் தடை இருந்துச்சே அக்கா? எங்க அம்மா மாத்திரை மூணு மாசம் கழிச்சு வந்துச்சு. இந்த ரவை ஒரு நாள்கூடப் பத்தாமப் போனதில்லை. கேமரா பத்தாமப் போனதில்லை. எங்களைக் கூட்டிட்டுப் போற வண்டிக்கு டீசல் பத்தாமப் போனதில்லை."

இரண்டு மாதத்தில் அவள் எல்லை தாண்டித் துருக்கிக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு மருந்துக் கடையில் வேலை. அவள் அப்பா மட்டும் ஊரிலேயே இருந்தார்.

இவ்வளவும் நடந்து முடிந்த பிறகுதான் அந்தப் பட்டிமன்றம். எங்கள் முதலாளி ஒரு கல்லூரியின் நிர்வாகக் குழுவில் இருந்தார். ஆண்டு விழாவை ஒட்டி, சர்வாதிகார அரசுகளைப் பணியவைக்கத் தடைகள் உதவுமா உதவாதா என்று தலைப்பு. உதவாது என்ற அணிக்கு அவர்தான் தலைமை. கம்பெனியிலிருந்து எங்களை வேன் வைத்துக் கூட்டிப்போனார்கள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தோம்.

உதவும் என்ற அணியில் ஓர் இளம் விரிவுரையாளர் நன்றாகவே பேசினார். நிறவெறி ஆட்சி ஒன்று உலகம் ஒதுக்கி வைத்ததால் எப்படி இறங்கி வந்தது என்று தென்னாப்பிரிக்காவைச் சொன்னார். எனக்கும் சரியென்றுதான் பட்டது. கடைசியில் ஒரு வரி சொன்னார்: "மக்களுக்குக் கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும். வலிச்சாத்தான் எந்திரிப்பாங்க." கைதட்டல் எழுந்தது. என் பக்கத்தில் இருந்தவர்களும் தட்டினார்கள். என் கை மடியிலேயே கிடந்தது. கொஞ்சம் என்றால் எத்தனை படிக்கட்டு என்று கேட்கத் தோன்றியது.

அடுத்து எங்கள் முதலாளி எழுந்தார். திரையில் ஒரு படம் வந்தது. கம்பெனி வாசலில் அந்த அம்மா, மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி நிற்கிறார். அந்தப் பூவை வாங்கி வைத்துவிட்டவள் நான்.

"இந்தச் சகோதரியைக் கொன்னது தடைங்க" என்று ஆரம்பித்தார். வலிப்பு, மாத்திரை, மாடிப்படி எல்லாம் சொன்னார். குரல் சரியான இடத்தில் தழுதழுத்தது. முன்வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்தார். "எங்க கம்பெனி அந்த மருந்தை அனுப்பறதுக்குக் கடைசி வரைக்கும் போராடுச்சுங்க. வல்லரசுகளோட ஆணவத்துக்கு முன்னாடி எங்களால ஒண்ணும் பண்ண முடியலீங்க."

கையெழுத்துப் போடாத கடிதம் இன்னும் என் டிராயரில் இருந்தது.

பார்வையாளர்கள் கேள்வி கேட்கலாம் என்று நடுவர் சொன்னதும் எழுந்துவிட்டேன். மைக் கைக்கு வந்தது. தயாரித்துக்கொண்டு பேசவில்லை. அதனால் கோர்வையாக வரவில்லை.

"நான் அந்தக் கம்பெனியில டாக்குமென்ட் பாக்கறவங்க. மருந்துக்குத் தடை இல்லீங்க. உத்தரவுலயே இருக்குது. சாருடைய ஒரு கையெழுத்து வேணும்னு லெட்டர் கொண்டுபோனேன். போடலீங்க. அது தப்புன்னுகூடச் சொல்லலீங்க, பயம் எல்லாருக்கும் உண்டு. ஆனா பயந்தவங்க போராடினோம்னு சொல்லப்படாதுங்க. அதே நாட்டுக்கு அப்புறமும் பம்ப் போச்சுங்க, துபாய் வழியா. அதை டைப் பண்ணினது நானு. இதுல எனக்கும் பங்குண்டு."

நான் அந்த இளம் விரிவுரையாளர் பக்கம் திரும்பினேன்.

"வலிச்சா எந்திரிப்பாங்கன்னு சொன்னீங்க. அந்தம்மா பொண்ணு எந்திரிச்சா. ஒரு கண்ணு போச்சு. அவளைச் சுட்டவங்களுக்கு எதுக்குமே பஞ்சம் வரலீங்க. யாருக்கு வலிக்கணுமோ அவங்களுக்கு வலிக்கறாப்புல ஒரு தடையைச் சொல்லுங்க, நான் உங்க பக்கம் கை தட்டறேன்."

அவர் வாய் திறந்தார். அதற்குள் நடுவர், "அம்மா, உணர்ச்சிவசப்படாம உக்காருங்க, நேரம் ஆகுது" என்றார். யாரோ சிரித்தார்கள். பின்னாலிருந்து இரண்டு மூன்று பேர் கைதட்டினார்கள். தீர்ப்பில் நடுவர், தடைகள் இருமுனைக் கத்தி என்று சொல்லி இரண்டு அணியையும் வாழ்த்தினார். எல்லோருக்கும் சால்வை போட்டார்கள். என் கோபத்துக்கு அங்கே உணர்ச்சி என்று பெயர். முதலாளியின் தழுதழுப்புக்கு மட்டும் பேச்சாற்றல் என்று பெயர்.

திரும்பும்போது வேனில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. மறுநாள் முதலாளி கூப்பிட்டார். சத்தம் போடவில்லை.

"துபாய் விஷயத்தை மைக்குல சொல்லிப்போட்டீங்களே அம்மணி. எத்தனை பேரு பொழப்பு?"

"நீங்க அந்தம்மா படத்தைப் போடாம இருந்திருந்தா நான் வாயைத் தொறந்திருக்க மாட்டேனுங்க."

"உண்மையிலேயே எனக்கு அவங்க போனதுல வருத்தந்தானுங்க."

"இருக்கலாங்க சார்."

பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. வருத்தம் இருந்திருக்கும். அந்த வருத்தத்தையே எடுத்து மேடையில் விற்றார் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அன்று மத்தியானமே என்னை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். இரண்டு மாதம் நட்டு, போல்ட்டு, புஷ் எண்ணிக்கொண்டிருந்துவிட்டு நின்றுகொண்டேன். இப்போது இரண்டு சின்னக் கம்பெனிகளுக்கு வீட்டிலிருந்தே காகித வேலை பார்க்கிறேன். வருமானம் பாதிதான்.

நான் பேசியதை யாரோ போனில் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். அது எப்படியோ துருக்கிவரை போய்விட்டது. அவள் கூப்பிட்டாள். பாராட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் எதிர்பார்த்தேன்.

"யாரைக் கேட்டு எங்க அம்மாவைப் பத்திப் பேசினீங்க?"

"அவரு பொய் சொன்னாரு கண்ணு. அதை..."

"அவரும் என்னைக் கேக்கலை. நீங்களும் கேக்கலை. எங்க ஆட்சிக்காரங்களும் டிவியில இப்படித்தான், தடையால செத்தவங்க படத்தைப் போட்டு அழறாங்க. மருந்தைத் தடுத்தது வெளிநாட்டுக்காரன். சரி. வந்த கொஞ்ச மருந்தை ஒளிச்சு வச்சு வித்தது யாரு? தடையே தப்புன்னு ஊரெல்லாம் பேசினா அந்த ஆளுங்க தப்பிச்சுக்குவாங்க. தடை வேணும் அக்கா. எங்க அம்மா மாத்திரை மேல இல்லை. அவங்க புள்ளைங்க வெளிநாட்டுல வாங்கி வச்சிருக்கற வீட்டு மேல, அவங்க கணக்கு மேல, அந்தத் துறைமுகத்து மேல. அதை மட்டும் ஏன் யாருமே ஒழுங்காச் செய்ய மாட்டேங்கறாங்க?"

நான் மன்னிப்புக் கேட்டேன். அதற்கும் கோபப்பட்டாள். மன்னிப்பு வேண்டாம், அடுத்த முறை முதலில் கேளுங்கள் என்றாள். பிறகு கொஞ்ச நேரம் அவளே பேசினாள். அப்பா தடையை முழுசாக எடுக்கவேண்டும் என்கிறாராம். இவள் கூடாது என்கிறாளாம். வாரா வாரம் போனில் சண்டை. "சண்டை முடிஞ்சதும் சாப்பிட்டியான்னு கேப்பாரு. அதுக்கப்புறம் என்னால கத்த முடியாது" என்றாள்.

பிறகு அந்த நாட்டின் மேல் குண்டு விழுந்தது. தடை பலிக்கவில்லை, இனி குண்டுதான் என்று சொல்கிறவர்களை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன். கோட்டு போட்டுக்கொண்டு, ஒரு ஊரின் வரைபடத்தில் வட்டம் போட்டுக் காட்டினார்கள். இன்டர்நெட் துண்டிக்கப்பட்டுவிட்டது. அவளுக்கும் அப்பா கிடைக்கவில்லை, எனக்கும் கிடைக்கவில்லை. தினமும் காலையில் நானும் அவளும் ஒருவருக்கொருவர் ஒரே ஒரு கேள்விக்குறியை அனுப்பிக்கொண்டோம்.

பல நாள் கழித்து, பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தபோது அவர் கூப்பிட்டார். உயிரோடு இருக்கிறேன், ரொட்டிக்கு வரிசையில் நிற்கிறேன் என்றார். பிறகு திட்ட ஆரம்பித்தார். தன் ஆட்சியைத் திட்டினார், குண்டு போட்டவர்களைத் திட்டினார், கடைசியில் தன் மகளையும் திட்டினார். நானும் சேர்ந்து திட்டினேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மூச்சு வாங்கிக்கொண்டு அவர் கேட்டார்: "அக்கா, பக்கத்துத் தோட்டத்துல உங்க பழைய மோட்டார் நின்னுபோச்சு. உள்ள தண்டைத் தாங்கற புஷ் தேஞ்சிருச்சு. மாதுளை காயுது. இங்க ஒரு லேத்துக்காரன் செஞ்சு தரேங்கறான், அளவு தெரியலை. உங்களுக்கு நெனவிருக்கா?"

எனக்கு மனப்பாடம். ஸ்டோர்ஸில் இருந்த இரண்டு மாதத்தில் அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். உள்விட்டம், வெளிவிட்டம், நீளம் மூன்றையும் மில்லிமீட்டரில் சொன்னேன். திருப்பிச் சொல்லச் சொல்லிச் சரிபார்த்தேன். இதற்குத் தடை உண்டா இல்லையா என்று நான் பார்க்கவில்லை.